குடி மையமா, மனநல மருத்துவரா, இரண்டும் ஒரே இடத்திலா?

மனம் சில காலம் கட்டுக்கடங்காத எழுச்சியிலும் சில காலம் ஆழ்ந்த சோர்விலும் மாறி மாறிப் போகும் இருமுனைக் கோளாறும், குடிநோயும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்ட வீட்டில் என்றாவது ஒரு நாள் இந்தக் கேள்வி வந்தே தீரும்: எங்கே சேர்ப்பது? சித்தப்பா மது மீட்பு மையம் என்பார். தெரிந்த நர்ஸ் ஒருவர் மனநல மருத்துவரிடம் போகச் சொல்வார். இன்னொருவர் பெரிய ஆஸ்பத்திரி என்பார். என் தம்பிக்காக நான் இந்த மூன்று வாசல்களிலும் நின்றிருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு நோய்களையும் ஒரே மருத்துவக் குழு, ஒரே நோட்டில், ஒரே நேரத்தில் பார்க்கும் இடம்தான் முதல் தேர்வு. கட்டிடம் பழையதாக இருந்தாலும் சரி, வரிசை நீளமாக இருந்தாலும் சரி, ஊர் தள்ளி இருந்தாலும் சரி. ஏன் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், இது உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த சாபம் அல்ல. அமெரிக்காவில் நடந்த பெரிய மக்கள்தொகை ஆய்வொன்றின் முடிவுகள் 1990இல் வெளிவந்தன. இருமுனைக் கோளாற்றின் கடுமையான வகை உள்ளவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மது அல்லது போதைப்பொருள் பிரச்சினை இருந்ததாக அது சொன்னது. குடியோடு மிக நெருக்கமாகச் சேர்ந்து வரும் மனநோய்களில் இதுவும் ஒன்று. எழுச்சி நிலையில் இருப்பவருக்குத் தூக்கம் தேவைப்படாது, பயம் இருக்காது, கையில் இருக்கும் பணம் தீராது என்று தோன்றும். அந்த வேகத்தில் குடி ஏறும். சோர்வு நிலையில் விடிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு கிடப்பவருக்கு, தூங்க வைக்கும் மருந்தாகக் குடி தெரியும். ஆனால் குடி தரும் தூக்கம் பாதியில் உடைந்துவிடும். தூக்கம் உடைந்தால் அடுத்த எழுச்சி கிளம்பும். ஒன்றை மற்றொன்று தூக்கிவிட்டுக்கொண்டே போகும்.

எது முதலில் வந்தது என்று கண்டுபிடிப்பது மருத்துவருக்கே எளிதல்ல. விடாமல் குடிப்பவருக்குக் குடியாலேயே சோர்வு வரும். விட்ட முதல் சில வாரங்களிலும் எரிச்சல், தூக்கமின்மை, பதற்றம் எல்லாம் இருக்கும். அதனால் குடி இல்லாத காலத்தில் மனம் எப்படி இருந்தது என்பதே உண்மையைச் சொல்லும் சாட்சி. எங்களைப் பார்த்த ஒரு மருத்துவர் கேட்ட கேள்வி இன்றும் நினைவில் நிற்கிறது: "அம்மா, தம்பி ஐயப்பனுக்கு மாலை போட்டது உண்டா? அந்த ஒரு மண்டலம் எப்படி இருந்தார்?" அப்போதுதான் யோசித்தேன். மாலை போட்டிருந்த நாட்களில் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. ஆனாலும் இரவு முழுக்கத் தூங்காமல் பஜனைக்குப் பந்தல் போட்டான், ஊரில் எல்லோருக்கும் அன்னதானம் என்று கடன் வாங்கினான், நான்கு பேர் பேசுவதை ஒருவனே பேசினான். பக்தி முற்றியிருக்கிறது என்று வீட்டில் பெருமைப்பட்டார்கள். மருத்துவர் அதைத் தன் தாளில் எழுதிக்கொண்டார். உங்கள் வீட்டிலும் அப்படிப்பட்ட குடியில்லாத காலம் ஒன்று இருக்கும்: மாலை, நோன்பு, தவக்காலம், வெளிநாட்டு வேலை. அதை யோசித்துத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இனி முதல் வாசல்: தனியார் மது மீட்பு மையம்.

இதன் பலம் என்ன என்பதை மறைக்க விரும்பவில்லை. உடனே இடம் கிடைக்கும். வண்டி வைத்து வந்து கூட்டிப்போவார்கள். வீட்டில் இருப்பவர்கள் ஒரு மாதம், மூன்று மாதம் நிம்மதியாகத் தூங்கலாம். அந்தத் தூக்கத்தின் அருமை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நல்ல மையங்களும் இருக்கின்றன. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடி ஒரு நோய், குடும்பமும் சிகிச்சையில் பங்கேற்க வேண்டும் என்ற எண்ணத்தை நம் ஊரில் வேரூன்ற வைத்தது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர் அவர். குடிநோய் மட்டும் இருப்பவருக்கு இப்படிப்பட்ட இடம் வாழ்வை மீட்டுத் தரும்.

ஆனால் இருமுனைக் கோளாறும் சேர்ந்திருந்தால், மையம் என்ற பெயர்ப்பலகை மட்டும் போதாது. நாங்கள் பார்த்த ஒரு மையத்தில், தம்பியின் மாத்திரைகள் இருந்த பிளாஸ்டிக் கவரை வாசலிலேயே வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டார் பொறுப்பாளர். "இங்கே எந்த மாத்திரையும் கிடையாது, மாத்திரையும் ஒரு போதைதான்" என்றார். அதில் இருமுனைக் கோளாற்றுக்கான லித்தியம் என்ற மருந்து இருந்தது. லித்தியம் போதைப்பொருள் அல்ல. பழக்கத்துக்கு அடிமைப்படுத்துவதும் அல்ல. ஆனால் அதைச் சட்டென்று நிறுத்தினால் எழுச்சி திரும்ப வரும் ஆபத்து மிக அதிகம். பத்தே நாளில் தம்பி அங்கே இரவெல்லாம் சத்தமாகப் பாட ஆரம்பித்தான். அதை ஒழுங்கீனம் என்று எண்ணித் தண்டித்தார்கள். நோயின் அறிகுறிக்குத் தண்டனை கொடுக்கும் இடம் சிகிச்சை தரும் இடம் ஆகாது. இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

உயிர் ஆபத்து இன்னொரு பக்கமும் உண்டு. பல வருடங்கள் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை கை கால் உதறி, இல்லாத பூச்சிகளைச் சுவரில் பார்த்து, காய்ச்சலோடு நினைவு குழம்பும் நிலை வரலாம். கவனிக்காவிட்டால் உயிர் போகும். இதைத் தடுக்க டயசிபாம், குளோர்டயசெபாக்சைடு போன்ற மருந்தும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் மருத்துவர் கண்காணிப்பில் தேவை. மருத்துவர் இரவில் இல்லாத இடத்தில் இதைச் செய்ய முடியாது. வீட்டு அறையில் பூட்டி வைத்துக் குடியை நிறுத்தப் பார்ப்பதும் இதே காரணத்தால் வேண்டாம்.

ஆகவே ஒரு மையத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் தொலைபேசியில் சில கேள்விகளைக் கேளுங்கள். மனநல மருத்துவர் வாரத்தில் எந்தெந்த நாள் நேரில் வருகிறார்? ஏற்கெனவே சாப்பிடும் மனநல மாத்திரைகள் தொடருமா? வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்கு எடுத்துப்போவீர்கள்? மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்கிறீர்களா? 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. எனவே அவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். "நேரில் வாங்க, எல்லாம் பேசிக்கலாம்" என்று மழுப்பும் இடத்தை விட்டுவிடுங்கள்.

சங்கிலி என்ற சொல் காதில் விழுந்தால் அங்கே ஒரு நிமிடமும் நிற்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீ விபத்தில் ஓட முடியாமல் இறந்தார்கள். 28 உயிர்கள். இன்று எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதைச் சட்டமே தடை செய்திருக்கிறது.

இரண்டாம் வாசல், மனநல மருத்துவரின் தனி கிளினிக். இதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நோயைச் சரியாக அடையாளம் காண்பதும் சரியான மருந்தைத் தொடங்குவதும் இங்கே நன்றாக நடக்கும். வேலைக்குப் போய்க்கொண்டே சிகிச்சை பெறலாம், வெளியே தெரியாது. ஆனால் "முதலில் குடியை விட்டுவிட்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பும் மருத்துவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சோர்வில் மூழ்கியவர் எந்தத் தெம்பில் குடியை விடுவார்? இன்னொரு சிக்கல், குடிப்பதைச் சொல்லாமல் மறைத்துவிட்டு வெறும் சோர்வுக்கு மட்டும் மருந்து வாங்கி வருவது. இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு அது எழுச்சியைக் கிளப்பிவிடும். குடி கட்டுக்குள் இருக்கிறது, நிறுத்தினாலும் நடுக்கம் வருவதில்லை, மருந்தைத் தவறாமல் சாப்பிடுகிறார் என்றால் கிளினிக் போதுமானது. அந்த நிலை தாண்டிவிட்டால் போதாது.

மூன்றாம் வாசல்தான் நான் நிற்கச் சொல்லும் இடம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, போதை மருத்துவத்துக்கென்றே தனி மையம் வைத்திருக்கும் பெங்களூரு நிம்ஹான்ஸ், வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம் ஆகியவை இந்த வகை. பாகாயத்தில் நோயாளியோடு குடும்பத்தினரும் தங்கும் வழக்கம் உண்டு. அது எவ்வளவு பெரிய வரம் என்பது, வார்டு வாசலில் இரவு கழித்தவர்களுக்குத் தெரியும். இங்கெல்லாம் நடுக்கத்துக்கு மருந்து எழுதும் மருத்துவரும் லித்தியம் எழுதும் மருத்துவரும் ஒரே துறையைச் சேர்ந்தவர்கள். வலிப்பு வந்தால் பொது மருத்துவர் பக்கத்துக் கட்டிடத்தில் இருக்கிறார். கல்லீரல் பரிசோதனை, தைராய்டு பரிசோதனை எல்லாம் ஒரே வளாகத்தில் முடியும்.

சேர்த்துப் பார்ப்பது வெறும் வசதி மட்டும் அல்ல, பலனும் தருகிறது. அமெரிக்காவின் மக்லீன் மருத்துவமனையில் ரோஜர் வைஸ் என்ற மனநல மருத்துவர், இந்த இரண்டு நோய்களும் உள்ளவர்களுக்கென்றே ஒரு குழு சிகிச்சையை வடிவமைத்தார். 2007இல் வெளிவந்த ஆய்வில் 62 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு இந்தச் சேர்ந்த சிகிச்சையும் மறு பகுதியினருக்குப் போதையைப் பற்றி மட்டும் பேசும் குழு ஆலோசனையும் 20 வாரங்கள் கொடுத்தார்கள். சேர்ந்த சிகிச்சை பெற்றவர்கள் போதை எடுத்த நாட்கள் தெளிவாகக் குறைந்தன. மனநிலை அறிகுறிகள் அதே அளவுக்குக் குறைந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மந்திரம் எதுவும் இல்லை. அந்தச் சிகிச்சையின் மையக் கருத்து, இரண்டையும் ஒரே நோயாக எண்ணிக்கொள் என்பது. என்ன ஆனாலும் குடிக்காதே, என்ன ஆனாலும் மருந்தை விடாதே. தம்பிக்கு ஒரு சமூகப் பணியாளர் இதைத் தமிழில் எழுதிக் கொடுத்தார். அவன் அதைத் தன் மாத்திரை டப்பாவின் மூடியில் ஒட்டி வைத்திருக்கிறான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். காலையில் புறநோயாளிச் சீட்டுக்கு நிற்க வேண்டும். மருத்துவர் மாறிக்கொண்டே இருப்பார். பயிற்சி மருத்துவரிடம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். கழிப்பறை எல்லா இடங்களிலும் நன்றாக இருக்காது. எழுச்சி உச்சத்தில் இருக்கும் வார்டைப் பார்த்து உங்கள் அம்மா அழுதுவிடுவார். இவை உண்மையான சிரமங்கள். ஆனாலும் இவை தாங்கக்கூடியவை. மாத்திரையைப் பிடுங்கி வைப்பதைத் தாங்க முடியாது.

அவர் வரமாட்டேன் என்றால்? நோயாளி தானே சம்மதித்துச் சேர்வதுதான் சட்டத்தின் முதல் விருப்பம்; சேர்ந்தவர் தானே கேட்டு வெளியேறலாம். தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலையிலோ, தன்னையே கவனித்துக்கொள்ள முடியாத நிலையிலோ இருந்தால், அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை விஷயத்தில் அவருக்காகப் பேசும் பொறுப்பில் இருப்பவர், விண்ணப்பித்து 30 நாள் வரை சேர்க்கலாம். அதற்கு ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ ஒருவரும் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். சேர்த்ததை மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும், நோயாளி அங்கே முறையிடவும் முடியும். அடியாட்கள் போல நான்கு பேர் வந்து தூக்கிப்போவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. தூக்கிப்போன அனுபவத்துக்குப் பிறகு பல வருடங்கள் அவர் எந்த மருத்துவரையும் நம்பமாட்டார்.

மருந்துகளை ஒப்பிடும்போது முடிவு மருத்துவருடையது. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் நம்முடையவை. லித்தியம் 1949இல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் கண்டறிந்த காலம் முதல் எழுச்சியையும் சோர்வையும் தடுத்து நிற்கும் மருந்து. தற்கொலை ஆபத்தையும் குறைப்பதாக அறியப்பட்டது. ஆனால் அதன் பயனுள்ள அளவுக்கும் நச்சு அளவுக்கும் இடைவெளி குறைவு. கடைசி மாத்திரைக்குப் பிறகு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து அளவு பார்க்க வேண்டும். இரவு ஒன்பதுக்குச் சாப்பிட்டால் காலை ஒன்பதுக்கு, காலை மாத்திரையைச் சாப்பிடாமல். தைராய்டும் சிறுநீரகமும் அவ்வப்போது பார்க்கப்பட வேண்டும். குடித்து வாந்தியெடுத்து உடலில் நீர் வற்றினால், சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டினால், ரத்த அழுத்தத்துக்காக உப்பைத் திடீரென்று குறைத்தால், மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டால், லித்தியம் அளவு ஏறிவிடலாம். கை கடுமையாக நடுங்குவது, தள்ளாடுவது, பேச்சு குழறுவது அதன் அடையாளங்கள். குடித்திருக்கிறான் என்று நினைத்து விட்டுவிடுவார்கள், அங்கேதான் ஆபத்து. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வால்ப்ரோயேட் மற்றொரு வழி. லித்தியத்தோடு அதைச் சேர்த்துக் கொடுத்தபோது அதிகமாகக் குடிக்கும் நாட்கள் குறைந்ததாக 2005இல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. ஆனால் குடியால் கல்லீரல் ஏற்கெனவே கெட்டிருந்தால் கவனம் தேவை. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கு அது கருவைப் பாதிக்கும் என்பதால் கூடியவரை தவிர்க்கப்படுகிறது. குடி வேட்கையைக் குறைக்கும் மருந்துகளில் நால்ட்ரெக்சோன் தரும்போது கல்லீரலையும், அகாம்ப்ரோசேட் தரும்போது சிறுநீரகத்தையும் பார்த்துக்கொள்வார்கள்.

டைசல்ஃபிராம் பற்றிக் கொஞ்சம் கோபத்தோடே எழுதுகிறேன். இந்த மாத்திரையைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, மார்பு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கும். தெரிந்தே, சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிடுபவருக்கு அது ஒரு காவல். அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கும் "குடியை மறக்கடிக்கும் மருந்து" பேருந்து நிலையச் சுவர்களில் விளம்பரமாகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எழுச்சியில் இருப்பவர் விளைவைப் பற்றி யோசிக்காமல் குடித்துவிடுவார். அவர் லித்தியமும் சாப்பிடுகிறவர் என்றால், அந்த வாந்தியில் லித்தியமும் ஏறும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். உயிர் போகும், மிஞ்சினாலும் உங்கள் கையால் சாப்பிட மாட்டார்.

குடியை விட விரும்புகிறவர்கள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களை நான் இந்த மூன்றுக்கும் போட்டியாக வைக்கவில்லை, மூன்றோடும் சேர்த்துக்கொள்ளலாம். காசில்லை, தமிழில் நடக்கிறது, மாலையில் மதுக்கடை வழியாக வீடு திரும்பும் அந்த ஆபத்தான நேரத்துக்கு ஒரு இடம் கிடைக்கிறது. எந்த உறுப்பினரும் இன்னொருவருக்கு மருத்துவராக ஆகக்கூடாது என்று அந்த அமைப்பே சொல்கிறது. கூட்டத்தில் யாராவது மாத்திரையை விடச் சொன்னால் வேறு கூட்டத்துக்கு மாறுங்கள்.

தூரம் பெரிய தடையாக இருப்பவர்களுக்கு: முதல் சேர்க்கைக்கு மட்டும் பெரிய மருத்துவமனைக்குப் போய், மாதாந்திரப் பார்வையை மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் வைத்துக்கொள்ளலாம். அதற்கு வெளியேறும் தாளில் இரண்டு நோய்களின் பெயரும், மருந்தின் அளவும், கடைசி லித்தியம் அளவும் இருக்கின்றனவா என்று வார்டிலேயே சரிபாருங்கள். தனியார் மருத்துவமனை என்றால் காப்பீட்டை முன்பே கேளுங்கள். உடல் நோய்க்குக் கொடுப்பது போலவே மன நோய்க்கும் காப்பீடு கொடுக்க வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. பாதி ராத்திரியில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம். சாகப்போகிறேன் என்ற பேச்சு வந்தால் தனியாக விடாமல், மாத்திரைகளை உங்கள் கையில் எடுத்துக்கொண்டு, அருகிலுள்ள அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மறுபடி ஒரு நாள் குடித்துவிட்டால் வேறு மையம் தேட வேண்டாம். அதே துறைக்குப் போங்கள். லித்தியத்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், விட்டுப்போன மாத்திரைக்காக இரட்டிப்பாகக் கொடுக்கவும் வேண்டாம். அளவு பார்த்துவிட்டு அவர்கள் சொல்வார்கள். 2017 சட்டத்தில், நன்றாக இருக்கும்போதே தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதி வைக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. முன்கூட்டிய உத்தரவு என்று பெயர். தம்பி எழுதியிருக்கிறான். எந்த மருத்துவமனை என்று பெயர் குறிப்பிட்டு, பூட்டிய மையம் வேண்டாம் என்று சொல்லி, பிரதிநிதியாக என் பெயரைப் போட்டான். "அக்கா, நான் கத்தும்போது நீ இதைப் பாரு, என்னைப் பார்க்காதே" என்றான். இப்போது எங்கே சேர்ப்பது என்று சித்தப்பா கேட்டால் அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.